இளம் தாய்மாரின் மனச்சோர்வை முன்கூட்டியே தடுப்பது: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் நான் மகப்பேற்றுச் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை பெற்ற பெண்களின் தாய்மாரும் ஆயாக்களும் (பாட்டிமாரும்) என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்கள் தாமாகக் கேட்டவை மிகக் குறைவு. அவர்களுக்காகப் பேசுவதற்கு எப்போதும் யாராவது அருகில் இருந்தார்கள். அவர்களைப் பேச விட்டவர்கள் சிலரே.

பிள்ளை பெற்றவள் நாலு நாள் அழுவது வழக்கம்தானே? அதை ஏன் நோய் என்கிறீர்கள்?

அந்த நாலு நாள் அழுகையை நோய் என்று நானும் சொல்லவில்லை. பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில், பால் கட்டும் சமயத்தில், காரணம் தெரியாமல் அழுகை வருவதும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்குவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நேர்வதுதான். ஓய்வும் ஆதரவும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். இரண்டு வாரம் கடந்தும் அடங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமல், 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் நாள் முழுவதும் கூடவே இருந்தால், அது மனச்சோர்வு. அது கர்ப்ப காலத்திலேயே தொடங்கியிருக்கவும் கூடும்.

சிறு வயதுப் பெண்களிடம் இது பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிந்து விழுவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், விடிய விடிய போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. குழந்தை குளிப்பாட்டிப் பவுடர் பூசி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துப் பளிச்சென்று இருந்தது. அவள் காலிலோ ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு செருப்புகள். அவளுடைய அம்மா அதைப் பார்த்து, "எவ்வளவு சோம்பேறி பாருங்கள் சிஸ்டர்" என்றார். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று அவளைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "நேற்று மத்தியானம் என்று நினைக்கிறேன்" என்றாள்.

வயதில் மூத்த தாய்மாரைவிட இவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருபது வயது நிரம்பாத தாய்மாருக்குப் பிறக்கின்றன. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் பங்கு அதில் பெரிது. கேப் டவுனை அடுத்த கயேலிட்ஷாவில் பிரசவமாகி இரண்டு மாதம் ஆன 147 தாய்மாரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா வயதினரையும் சேர்த்தே, மூவரில் ஒருவருக்கும் மேல் மனச்சோர்வு காணப்பட்டது. துணைவனின் ஆதரவு போதாமை அதனோடு இணைந்திருந்தது. வறுமை, கைவிட்டுப் போன துணைவன், வீட்டில் ஆதரவின்மை மூன்றும் ஒரே சமயத்தில் வந்து சேரும் வாய்ப்பு பதினாறு வயதுப் பெண்ணுக்கே அதிகம். தோழிகள் விலகிப் போகிறார்கள், படிப்பு நின்றுபோகிறது, உடலும் இன்னும் வளர்ந்து முடியவில்லை. இரத்தசோகை இருந்தால் அந்தக் களைப்பும் சேர்ந்துகொள்கிறது. முன்பே மனச்சோர்வு இருந்தவளுக்கும், அடியோ பலாத்காரமோ அனுபவித்தவளுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

உண்மையிலேயே வருமுன் தடுக்க முடியுமா? அல்லது இது வெறும் ஆறுதல் பேச்சா?

எல்லாருக்கும் முழுமையாகத் தடுத்துவிட முடியாது. கணிசமாகக் குறைக்க முடியும். அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே மனநல ஆலோசனை அளித்தால் மனச்சோர்வு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 39 சதவீதம் குறைகிறது என்று கண்டு, 2019இல் அதைப் பரிந்துரைத்தது. அந்த ஆபத்துப் பட்டியலில் சிறு வயதில் தாயாவதும் ஒன்று. இளம் தாய்மாருக்கென்றே ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பதினேழும் அதற்குக் கீழும் வயதுள்ள 106 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். பிரசவத்துக்கு முன் ஐந்து அமர்வுகளில் பயிற்சி பெற்றவர்களில் 12.5 சதவீதத்தினருக்கும், சாதாரணத் தகவல் மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வு வந்தது. ஆய்வு சிறியது என்பதால் இந்த எண்களை உறுதியான முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் அது காட்டும் திசை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

அந்த ஐந்து அமர்வுகளில் பெரிய மருத்துவ வித்தை எதுவும் இல்லை. எனக்கு இன்ன உதவி வேண்டும் என்று வாய் திறந்து கேட்பது எப்படி, அம்மாவோடும் பிள்ளையின் தகப்பனோடும் வரும் சண்டையை முறியாமல் பேசித் தீர்ப்பது எப்படி, ஆதரவாக யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது எப்படி என்பவற்றையே கற்றுத் தந்தார்கள். உறவைச் சீராக்குவதுதான் அங்கே மருந்தாக இருந்தது. அதனால்தான் இந்தத் தடுப்பு வேலையில் பெரும்பகுதி கிளினிக்கில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு வளையல் அடுக்கி, நாற்பது நாள் பத்தியம் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஏதாவது சொல்லத்தான் செய்யும். ஆனால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1860இல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்திறங்கிய நம் முன்னோர், கொண்டுவந்த சில பொருள்களோடு பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் முறையையும் கொண்டுவந்தார்கள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் இடித்து உருட்டிய காயம், பூண்டுக் குழம்பு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது, வயிற்றில் துணி சுற்றிக் கட்டுவது, குழந்தையை ஆயா காலில் போட்டுக் குளிப்பாட்டும் நேரத்தில் தாய் படுத்து உறங்குவது ஆகிய இவற்றில் ஒவ்வொரு மருந்துக்கும் எவ்வளவு குணம் உண்டு என்பது வேறு விவாதம். ஆனால் நாற்பது நாளும் ஒருத்தி தனியாக விடப்படவில்லை, பசியோடு விடப்படவில்லை, உறக்கமின்றி விடப்படவில்லை. இன்றைய ஆய்வுகள் ஆதரவு, ஓய்வு, உணவு, துணை என்று எவற்றைப் பட்டியலிடுகின்றனவோ அவையெல்லாம் அந்த முறைக்குள்ளேயே இருந்தன.

கல்யாணமாகாத பெண்ணிடமிருந்து நாம் பறித்துக்கொள்வது சரியாக இவற்றைத்தான். ஐந்தாம் மாதம் தொட்டே கோயிலுக்கு வராதே என்கிறோம், விருந்தினர் வந்தால் பின்கட்டு அறையில் இரு என்கிறோம், வளையல் கிடையாது, பெயர் சூட்டு விழா கிடையாது, பார்க்க வரும் உறவும் கிடையாது. காயம் இடித்துக் கொடுக்கும் வீட்டில்கூட, "நீ செய்த காரியத்துக்கு இது ஒன்றுதான் குறை" என்ற சொல்லோடு சேர்த்தே கொடுக்கிறோம். மூத்த மகளுக்கு மருந்தாக இருந்த அதே நாற்பது நாள் இவளுக்குச் சிறையாகிவிடுகிறது. இது தண்டனை என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தத் தண்டனைதான் நோய்க்கு வழி திறந்துவிடுகிறது.

ஆகவே என் பதில்: செய்யுங்கள். மண்டபம் எடுத்துச் செய்யச் சொல்லவில்லை. அவளுக்கு நெருக்கமான நான்கு பெண்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, சந்தனம் பூசி, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டால் போதும். நடந்ததை நீங்கள் ஆமோதிக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அவள் இன்னும் உங்கள் பிள்ளைதான் என்று அர்த்தம். தீட்டு என்று நாற்பது நாளும் அறையை விட்டு வெளியே விடாமல் வைப்பதை மட்டும் தளர்த்துங்கள். காலையில் சிறிது நேரம் வெயில் படும்படி முற்றத்தில் உட்காரட்டும், ஒரு தோழியாவது வந்து போகட்டும்.

குழந்தையை நான் என் பிள்ளைபோல வளர்த்துக்கொள்கிறேன், அவள் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். சரிதானே?

இதைக் கேட்கும் அம்மாக்களின் மனத்தை நான் மதிக்கிறேன். தம் உறக்கத்தை விட்டுக்கொடுத்து மகளின் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வைக் காப்பாற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆயினும் பார்த்துக்கொள்வது வேறு, எடுத்துக்கொள்வது வேறு. குழந்தை அழும்போதெல்லாம் அதை அவள் கையிலிருந்து வாங்கி, "உனக்கு ஒன்றும் தெரியாது, கொடு" என்று சொல்லி வந்தால், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவள் நாலே வாரத்தில் நம்பிவிடுவாள். பிறகு குழந்தையை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். பொறுப்பில்லாதவள் என்று அதற்கும் அவளையே குறை சொல்வோம்.

உறக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் படுத்தால், கறந்து வைத்த தாய்ப்பாலைக் கொண்டு நீங்கள் ஒரு முறை பார்த்துக்கொண்டால், அவளுக்கு நாலைந்து மணி நேரம் தொடர்ந்து உறக்கம் கிடைக்கும். விட்டு விட்டு எட்டு மணி நேரம் படுப்பதைவிட இது மேலானது. குளிப்பாட்டுவதை அவளே செய்யட்டும். நீங்கள் அருகில் இருந்து தண்ணீர் பதம் பார்த்துக் கொடுங்கள். குழந்தை தொடர்பாக ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தால், முதலில் அவளைக் கேளுங்கள்.

ஓர் ஆயா எனக்குக் காட்டித் தந்த வழி இது. பேத்தி குழந்தையைத் தொட அஞ்சினாள். அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல், குழந்தையின் கையை எடுத்துப் பேத்தியின் விரலைப் பிடிக்க வைத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். அடுப்பில் பால் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே பொய்யைச் சொல்லி, ஒவ்வொரு நாளும் சற்று அதிக நேரம் அடுக்களையில் இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடை செய்கிறது. கல்வித் துறை 2021இல் வெளியிட்ட மாணவியர் கர்ப்பம் குறித்த கொள்கையும், கர்ப்பிணி மாணவியை வெளியேற்றக் கூடாது, பிரசவத்துக்குப் பின் திரும்பி வர வழி செய்ய வேண்டும் என்கிறது. எந்தத் தேதியில் திரும்புவது, விட்டுப்போன பாடத்தை யார் தருவது என்று பிரசவத்துக்கு முன்பே பள்ளியோடு பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிரேடு பதினொன்றில் படிக்கும் பெண்ணுக்கு, அடுத்த ஜனவரியில் தன் மேசை தனக்குக் காத்திருக்கிறது என்று தெரிவதே பெரிய தெம்பு.

கிளினிக்கில் மனத்தைப் பற்றிக் கேட்பார்களா? அப்போது நான் அவளோடு இருக்க வேண்டாமா?

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். இப்போது பிரசவத்துக்கு முன் எட்டு முறை வரச் சொல்கிறார்கள். மனத்தைப் பற்றி எல்லா இடத்திலும் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் நீங்கள் கேட்கச் சொல்லுங்கள். பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு. கேப் டவுனில் 2002இல் தொடங்கிய பேறுகால மனநலத் திட்டம், நேரமில்லாத கிளினிக்குகளுக்காக அதைவிடச் சுருக்கமான கேள்விகளை வகுத்திருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் கவலையை நிறுத்த முடியாமல் இருந்ததா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா, உன்னை நீயே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பவையே அவை. இவற்றை வீட்டிலும் கேட்கலாம். மூன்றாவது கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவளுக்கே அது வழி திறக்கிறது.

அந்த நேரத்தில் நீங்கள் வெளியே இருங்கள். பன்னிரண்டு வயது கடந்து, விவரம் புரியும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் மருத்துவத்துக்கும், தான் பெற்ற குழந்தையின் மருத்துவத்துக்கும் தானே சம்மதம் தரலாம் என்று 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டம் சொல்கிறது. அம்மா அருகில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்வதில்லை. அந்த வயதில் நாமும் சொல்லியிருக்க மாட்டோம்.

அங்கே ஒரு சிஸ்டர் அவளைக் கேவலமாகப் பேசிவிட்டார். இனிப் போக மாட்டேன் என்கிறாள்.

இதைக் கேட்க எனக்கு வலிக்கிறது, ஏனெனில் நடப்பது உண்மை. "பண்ணும்போது தெரியவில்லையா" என்று பிரசவ வலியில் இருந்த பெண்ணிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் அதன்பின் ஒரு முறைகூடப் பரிசோதனைக்கு வரவில்லை. பொறுப்புச் சிஸ்டரிடம் புகார் சொல்லுங்கள், அல்லது வேறு கிளினிக்குக்கு மாற்றுங்கள். ஆனால் பரிசோதனையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கேட்கத் தயங்கும் சந்தேகங்களுக்குச் சுகாதாரத் துறை 2014இல் தொடங்கிய மாம்கனெக்ட் சேவை உண்டு. *134*550# என்று போனில் அழுத்திப் பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றிச் செய்திகள் வரும், அவளே கேள்வியும் அனுப்பலாம்.

முதல் பரிசோதனையிலேயே எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவள் இடிந்துபோயிருக்கிறாள்.

நம் மாகாணத்தில் இது அரிதல்ல, நம் குடும்பங்களில் இது பேசப்படாவிட்டாலும். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் குழந்தைக்குத் தொற்றாமல் காக்கலாம், அவளும் நெடுநாள் வாழலாம். இதை ஒரே நாளில் சொல்லி முடிக்காமல் பல முறை சொல்லுங்கள். முதல் நாள் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியிருக்காது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள். கிளினிக்கின் ஆலோசகரிடம் தொடர்ந்து அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளையின் தகப்பனை வீட்டுக்குள் விடலாமா?

அவன் யார் என்பதைப் பொறுத்தது. அவளுக்குப் பதினாறு வயது ஆகாமல், அவன் பதினெட்டு நிரம்பியவனாகவோ, பதினாறு பதினேழு வயதில் அவளைவிட இரண்டு ஆண்டுக்கு மேல் மூத்தவனாகவோ இருந்தால் அது குற்றம்; காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை சட்டத்தில் இருக்கிறது. அடிப்பவன், மிரட்டுபவன் என்றாலும் கதவைத் திறக்க வேண்டாம். அவனும் அவள் வயதை ஒத்த, பயந்துபோன பையன் என்றால், இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி, வாரத்தில் இன்ன நாள் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று வகுத்துக்கொள்வது நல்லது. மானத்துக்காக அவசரக் கல்யாணம் முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதனால் மனச்சோர்வு தடுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை; கூடியதைப் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பணம் வாங்கினால் கௌரவக் குறைவு அல்லவா?

அல்ல. குழந்தை பிறந்து முப்பது நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, சமூக உதவித்தொகை வழங்கும் அரசு நிறுவனமான ஸாஸாவின் அலுவலகத்தில் குழந்தை ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக உயர்ந்தது. நாப்கினுக்கே போதாத தொகைதான். ஆனால் அவளுக்கு அடையாள அட்டை இருந்தால் அவள் பெயரிலேயே வாங்குங்கள். நாப்கின் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் தலைகுனிந்து நிற்க வேண்டாம் என்பது அவளுக்குச் சிறிய விஷயமல்ல.

காற்று, கருப்பு, கண் திருஷ்டி ஏதாவது இருக்குமோ?

திருஷ்டி சுற்றிப் போடுவதால் கெடுதல் இல்லை. விபூதி பூசுவதாலும் இல்லை. அவற்றோடு நிறுத்திக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் கெடுதல். குறிப்பாக, பிரசவமாகி முதல் இரண்டு வாரத்துக்குள் அவள் உறக்கமே இல்லாமல் பரபரப்பாக இருந்தாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தையைப் பற்றி விசித்திரமான அச்சங்கள் பேசினாலோ, நம் ஆயாக்கள் ஜன்னி என்று சொன்ன அந்த நிலை இதுவாக இருக்கலாம். ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்கு இது வருகிறது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தையோடு அவளைத் தனியாக விட வேண்டாம். முறையான சிகிச்சையில் இது குணமாகும்.

மாத்திரை கொடுத்தால் பால் கெட்டுவிடாதா?

செர்ட்ராலின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே சேர்கின்றன என்பதால், பால் கொடுக்கும் தாய்மாருக்கு மருத்துவர்கள் அவற்றைத் தயங்காமல் எழுதுகிறார்கள். வயது குறைந்தவர்களுக்கு முதல் வாரங்களில் கூடுதல் கவனிப்பு வேண்டும். தானாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு முறை சொன்னாள். மிரட்டுகிறாளா?

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றிரவு அவளோடு படுங்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நலக் குழுவின் இலவச எண் 0800 567 567. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் சைல்ட்லைன் எண்ணான 116ஐ அழைக்கலாம். செய்துகொள்வதற்கு வழி தேடி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் போனுக்காகக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நான்கு மாதம் நல்லபடியாகக் கழிந்துவிட்டது. இனிப் பயமில்லை அல்லவா?

முதல் ஓராண்டு முழுவதும் கவனம் வேண்டும். பள்ளிக்குத் திரும்பும் வாரம், பிள்ளையின் தகப்பன் வேறொருத்தியோடு பழகுகிறான் என்று தெரியவரும் நாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூன்று இரவு விழித்த பின்வரும் நாட்கள் ஆகியவை கடினமானவை. ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களிலும், பிறகு ஆறாம், ஒன்பதாம் மாதங்களிலும் குழந்தையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு தடுப்பூசிக்குப் போகிறீர்கள். குழந்தையின் எடையை அதில் குறித்து முடித்தவுடன், அவள் பக்கம் திரும்பி, "நீ எப்படியம்மா இருக்கிறாய், சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.